அவளும் இறங்கிய கிணறு

கர்ப்பப்பையை எடுத்த பிறகு உடம்பு சீக்கிரமே தேறிவிட்டது. மனசுதான் தேறவில்லை. சோறு வடித்துக்கொண்டே அழுவேன். துணி காயப்போட்டுக்கொண்டே அழுவேன். எதற்கென்று கேட்டால் எனக்கே தெரியாது. அப்போது எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மகன் வெளியூர்க் கல்லூரியில் விடுதியில் சேர்ந்திருந்தான். கணவர் சிங்காநல்லூரில் மோட்டார் பம்புக்கு உதிரிப் பாகம் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவார். வீட்டில் நானும் டிவியும்தான். கேபிள் கனெக்‌ஷன் வந்த புதிது. எந்நேரமும் யாராவது ஒருத்தி அதில் அழுதுகொண்டிருப்பாள். நானும் சேர்ந்து அழுவேன்.

ஒருநாள் கணவர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"தூங்கறதுக்கு மாத்திரை எழுதித் தரேன். அதை மட்டும் நம்பிட்டு இருக்காதீங்க. உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?"

"ஊட்டு வேலையெல்லாம் நானேதானுங்க செய்யறேன்."

"அது வேலைங்க. ஆசைப்பட்டுச் செய்யறது எதுன்னு கேட்டேன்."

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். இருபது வருஷத்துக்குக் கிட்ட என்னோடு குடித்தனம் செய்தவர்; அவருக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நல்லாத் தேங்காப் பர்பி செய்வாங்க டாக்டர்," என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, "எதையாவது புதுசாத் தொடங்குங்க. பிடிக்கலைன்னா விட்டுட்டு வேறொண்ணு. யாரும் பரீட்சை வைக்கப் போறதில்ல," என்றார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நான் யோசித்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றித்தான். இதே கேள்வியை அவளிடம் கேட்டிருந்தால் டாக்டருக்கு எழுதிக்கொள்ளக் காகிதம் போதாது.

அவள் நாகர்கோவில் பக்கத்துக்காரி. கணவனுக்கு இங்கே ஒரு மில்லில் உத்தியோகம். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுவாள்; அதற்காகச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே பாடிப் பார்ப்பாள். அவள் வீட்டுத் தலையணை உறையெல்லாம் அவளே பூ வேலை செய்தது. கிறிஸ்துமஸுக்கு வட்ட அலுமினிய ஓவனில் கேக் செய்து தெருவுக்கே கொடுப்பாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். அந்தப் பக்கம் தொட்டிகளில் ரோஜா நிற்கும். சிவப்பு, வெள்ளை, மஞ்சளில் ஆரஞ்சு ஓரம் வைத்த ஒரு வகை. பல் துலக்கப் போனால் அதுதான் கண்ணில் படும்.

நல்ல பெண். அதைச் சொல்லிவிட வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் வீட்டுக்குச் சோறாக்கிக் கொடுத்தவள். அவளை வெறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

டாக்டர் சொன்னபடி புதுசாகத் தொடங்கினேன். ஆனால் நான் தொடங்கியதெல்லாம் அவள் செய்ததைத்தான். உப்பிலிபாளையம் நர்சரியில் ரோஜாச் செடிகள் வாங்கி வந்து தொட்டிகளில் நட்டேன். தினமும் காலையில் என் செடியைப் பார்ப்பதற்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். அங்கே மொட்டு விட்டிருந்தால் அன்றைய பொழுது கெட்டுவிடும். என் செடியிலும் பூ வந்தது. வந்தபோது அதன் வாசம்கூட எனக்கு ஏறவில்லை. அவளுடையதைவிடச் சின்னதாக இருக்கிறதே என்றுதான் பட்டது.

அப்புறம் எம்பிராய்டரி. வட்டச் சட்டம், கலர் நூல், ஊசி எல்லாம் வாங்கினேன். ஒரு மயிலைத் தொடங்கிக் கழுத்தோடு நிறுத்திவிட்டேன். பூத்தையலை அவளிடம் கேட்டிருந்தால் ஆசையாகச் சொல்லிக் கொடுத்திருப்பாள். கேட்க மனசு வரவில்லை. ஒருநாள் கணவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்று, "அந்தம்மா ஊட்டு ரோசாவப் பாத்தியா அம்மணி? தட்டத்தண்டி இருக்குது!" என்றார். அவர் சும்மாதான் சொன்னார். நான் உள்ளே போய் அந்த மயிலை வட்டச் சட்டத்தோடு பரண் மேல் போட்டேன்.

அந்த வருஷம் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனோம். பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பும் நடுவில் ஒரு பெரிய கிணறும் உள்ள தோட்டம் அவருடையது. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்ததால் கிணறு நிறைந்து கிடந்தது. நோம்பி முடிந்து கணவர் பட்டறைக்குத் திரும்பிவிட்டார். நான் இரண்டு நாள் தங்கினேன். மறுநாள் சந்தை. அண்ணன் மாடு பார்க்கக் கிளம்பிப் போனதும் அண்ணன் மனைவி, எங்கள் பக்கத்து முறைப்படி நான் நங்கை என்று கூப்பிடுகிறவர், அண்ணனின் பழைய சட்டை ஒன்றைப் பாவாடைக்கு மேலே மாட்டிக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

பாதிப் படியிலிருந்து தண்ணீரில் குதித்து, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் எருமையைப் போல நிதானமாக நீந்தினார். அந்த வீட்டில் பிறந்தவள் நான். அண்ணனும் பங்காளிப் பையன்களும் அந்தக் கிணற்றில்தான் கோடை முழுக்கக் கிடப்பார்கள். பெண் பிள்ளை என்று என்னைப் படியில் உட்காரக்கூட விட்டதில்லை. மேலே நின்று அவர்கள் போடும் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"நீங்க எப்ப நங்கை பழகுனீங்க?"

"இங்க வாக்கப்பட்டு வந்தப்பறந்தான். சந்தையன்னிக்குத்தான் ஆம்பளைங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்கல்ல. வா அம்மணி, எறங்கு."

"ஐயோ, இந்த வயசுலயா?"

"தண்ணிக்கு உன்ற வயசு தெரியவா போகுது?"

முதல்நாள் கழுத்தளவு படியில் நின்றேன், அவ்வளவுதான். அடுத்த வாரமும் சந்தை நாளுக்கு முன்தினமே பஸ் ஏறிப் போனேன். நங்கை என் முதுகில் காய்ந்த சுரைக்காய்க் குடுக்கைகள் இரண்டைக் கட்டி, இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி அதன் நுனியைப் பிடித்துக்கொண்டார். கையைக் காலை உதறினேன். தண்ணீர் குடித்தேன். மூக்கில் ஏறி மண்டை காந்தியது. ஆனால் ஒரு கணம், காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் நான் மிதந்தேன். உடம்பிலிருந்து ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். உக்கடம் வந்ததும் கண்டக்டர்தான் எழுப்பிவிட்டார்.

வாராவாரம் போனேன். சுரைக்குடுக்கை இரண்டு ஒன்றாகி, பிறகு அதுவும் இல்லாமலாயிற்று. கிணற்றின் குறுக்கே ஒருமுறை நாய் நீச்சலில் போய்ச் சேர்ந்தபோது, நங்கை படியில் நின்று கைதட்டினார். தூக்கம் வந்தது. வாய்க்கு ருசி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே மறந்துபோயிற்று என்று சொல்லலாம். ரோஜாவுக்கு அங்கே என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

அவளாகத்தான் கேட்டாள். "அக்கா, முகமெல்லாம் தெளிஞ்சு கெடக்கே. வாராவாரம் எங்க போறீங்க?"

"அண்ணன் ஊட்டுக்கு," என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன்.

என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னாலிருந்து, "நீச்சல் பழகறாங்க! கெணத்துல குறுக்க நெடுக்கப் போறாங்களாமா!" என்று போட்டு உடைத்தார்.

அவள் முகம் மலர்ந்தது. "என்னையும் கூட்டிட்டுப் போவீங்களாக்கா?"

இது ஒன்றாவது எனக்கென்று இருக்கட்டுமே என்று நினைத்தேன். ஆனால் இன்னொரு நினைப்பும் வந்தது. ஆழத்தைப் பார்த்தால் பயந்து படியிலேயே நிற்பாள். நான் போய்த் துண்டைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே என்று சொல்லலாம். ஒருமுறையாவது எனக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கும். அந்த ஆசையில்தான் கூட்டிப்போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் அவளுக்கு யோசனை சொல்லிக்கொண்டு வந்தேன். மூச்சை எப்படிப் பிடிப்பது, காலை எப்படி அடிப்பது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கிணற்றடிக்குப் போனதும் அவள் என்னோடு படியிறங்கி வரவில்லை. கூந்தலை இறுக்கி முடிந்தாள். பம்பு ரூமை ஒட்டிய மேட்டின் விளிம்பில் போய் நின்று எட்டிப் பார்த்தாள். "நல்ல ஆழம்தானே?" என்று நங்கையிடம் கேட்டாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் குதித்துவிட்டாள்.

தலைகீழாக, அம்பு போல. தண்ணீர் சத்தமே போடாமல் அவளை வாங்கிக்கொண்டது. எந்தப் பக்கம் எழுவாள் என்று நாங்கள் பதறிக்கொண்டிருக்க, எதிர்க்கரையில் தலை தூக்கிச் சிரித்தாள்.

"அடேயப்பா! யாரு அம்மணி இது, மீனாட்டப் போறாங்க!" என்றார் நங்கை.

"எங்க வீட்டுக்குப் பின்னாலயே குளம் உண்டும்க்கா. நடக்கப் படிக்குமுன்ன நீந்தப் படிச்சாச்சு," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

நான் இடுப்பளவு தண்ணீரில், மேலே மாட்டிய பழைய சட்டை ஊதிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நான் நீந்தவில்லை. தலைவலி என்று சொல்லி மேலே ஏறிவிட்டேன். சின்ன வயதில் நின்ற அதே இடத்தில் நின்று, கீழே அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நங்கை அவளிடம் முங்கு நீச்சல் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணமாகி வந்ததுல இருந்து இன்னிக்குத்தான் தண்ணியில எறங்கியிருக்கேன். உங்களாலதான்க்கா." அவள் கண் கலங்கியிருந்தது. நான் ஜன்னல் வழியாகக் கிணத்துக்கடவு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவள் சுவரோரம் வந்து கேட்கும்போது ஒறம்பரை விருந்தாளிகள் வருகிறார்கள், இடுப்பு வலி என்று ஏதாவது சொல்வேன். நான் இல்லாமல் அவள் போகவும் மாட்டாள். கிணறு சும்மாக் கிடக்கட்டும் என்றிருந்தது. ஆனால் தூக்கம் மறுபடி போயிற்று. தோளும் கையும் எதையோ தேடித் தினவெடுத்தன.

ஒருநாள் நங்கையே ஒரு பை நிறையத் தேங்காயோடு பஸ் ஏறி வந்துவிட்டார். சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி கேட்டார்.

"ஏனம்மணி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? கெணத்துப் பக்கமே காணோம்?"

மழுப்பிப் பார்த்தேன். அவர் விடவில்லை. கடைசியில் வாயிலிருந்து வந்துவிட்டது. "அவ என்னையவிட நல்லா நீந்தறா நங்கை."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நானுந்தான் உன்னையவிட நல்லா நீந்தறேன். எம்மேல ஏன் உனக்குக் கோவம் வருல?"

யோசித்துப் பார்த்தால், நங்கை நீந்தும்போது நான் நங்கையைப் பார்க்கவே இல்லை. தண்ணீரைத்தான் பார்த்தேன்.

"அந்த அம்மணி பொளந்து கட்டட்டும். உனக்கு மிதக்கறது புடிச்சுதா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"புடிச்சுது."

"அப்பறமென்ன? சந்தையன்னிக்கு வந்து சேரு," என்று சொல்லிவிட்டு, தேங்காயை எடுத்து வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை சுவரோரம் போய் நானே அவளைக் கூப்பிட்டேன். மனசு முழுதாக ஒப்பிக் கூப்பிட்டேன் என்று சொல்ல முடியாது. அவள் தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேருமாகப் போனோம். அவள் குதிக்கும்போதெல்லாம் எனக்குள் சுருக்கென்றது. மறைத்துப் பயனில்லை. முதல் சில வாரம் ஒவ்வொரு கை வீச்சிலும் அவள் எங்கே இருக்கிறாள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே நீந்தினேன். சீக்கிரம் மூச்சு வாங்கியது. ஒருமுறை அவளிடமே கேட்டேன், மல்லாந்து மிதப்பது எப்படி என்று. அவளிடம் நான் முதன்முதலாகக் கேட்டுக்கொண்டது அதுதான். என் பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "வானத்தப் பாருங்கக்கா, வேற ஒண்ணும் செய்யாண்டாம்," என்றாள்.

பொறாமை போய்விட்டது என்று நான் இன்றுவரை சொல்லமாட்டேன். அந்தத் தீபாவளிக்கு முன்னால் அவள் வீட்டில் வாஷிங் மெஷின் இறங்கியபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என் ரோஜாத் தொட்டிகளை மட்டும் அவளுக்கே கொடுத்துவிட்டேன். அவள் கையில் அவை நன்றாகவே பூத்தன.

மழைக்காலம் முடிந்த ஒரு சந்தை நாளில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தேன். காதுக்குள் தண்ணீர் போய் உலகமே அடங்கியிருந்தது. கிணற்று வட்டத்துக்குள் வானம், ஓரத்தில் தென்னை ஓலைகள், அவற்றுக்கு நடுவே ஒரு தூக்கணாங்குருவி வந்து வந்து போனது. எவ்வளவு நேரம் கிடந்தேனோ. யாரோ கூப்பிடுவது போலிருந்து தலையைத் தூக்கினால், அவள் படியில் உட்கார்ந்து கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். கூந்தல் முக்கால்வாசி காய்ந்தே போயிருந்தது. அவள் எப்போது கரையேறினாள் என்று எனக்குத் தெரியவே இல்லை.

"வாங்கக்கா, பசிக்குது," என்றாள்.

நங்கை தூக்குப்போசியில் கம்மஞ்சோறும் மோரும் கொண்டுவந்திருந்தார். எனக்கும் அப்போதுதான் பசி தெரிந்தது. மூன்று பேரும் ஈரத் துணியோடு பம்பு ரூம் நிழலில் உட்கார்ந்து, போசியைச் சுரண்டும் மட்டும் சாப்பிட்டோம்.