வேரும் பூவும் கழித்த மூட்டை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு ஹாலிஎலயில் சிமெண்ட், கம்பி, தகரம் எது வேண்டுமென்றாலும் என் கடைக்குத்தான் வர வேண்டும். இரண்டு லொறி ஓடுகிறது. ஒருவன் தயவும் இல்லாமல் வந்தவன். பெற்ற மகளை சயன்ஸ் டீச்சராக்கியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

மகளுக்கு மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். செடிகளைச் சேகரித்து, காயவைத்து, காலம் முழுக்கக் கெடாமல் வைத்திருக்கப் பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். பழைய பேப்பருக்கு நடுவில் விரித்து வைத்து, பலகைகளுக்கு இடையில் இறுக்கிக் கட்ட வேண்டும். வேரிலிருந்து பூ வரை முழுதாக இருக்க வேண்டும்.

"பூவப் பாத்துத்தான் இது இன்ன செடின்னு சொல்லுவாங்க" என்பாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓடைக்கரையில் மூக்குத்தி அளவு நீலப் பூப் பூக்கும் ஒரு செடி இருந்தது. செடிகளைப் பாதுகாக்கும் பெரிய இடத்துக்கு மகள் படம் அனுப்பினாள். இதற்குமுன் பார்த்ததில்லை, முழுச் செடியை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. ரோட்டை அகலமாக்க அடுத்த வாரமே அந்தக் கரையை வெட்டப்போகிறார்கள். அதற்குள் எடுத்தாக வேண்டும். வேறெங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை நானே வேனைக் கொண்டுபோனேன். பூவோடு இருந்ததே கொஞ்சம்தான். பிள்ளைகள் அத்தனையையும் பக்குவமாகத் தோண்டி, மற்றச் செடிகளோடு சாக்கில் போட்டுப் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்தார்கள். அதற்குள் மழை. கொண்டுவந்த பேப்பரெல்லாம் நனைந்துவிட்டது.

"இதென்ன பெரிய விசயம்?" என்று பசறை டவுனுக்கு ஓட்டினேன். தெரிந்த முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் ஒரு கட்டுப் பேப்பரோடு திரும்பினேன்.

மகளும் பிள்ளைகளும் வகுப்புக்குள் பலகைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த, கொழுந்தெடுக்கும் தாய்மார் வராந்தாவில் சாக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க மொதலாளி! புள்ளைக கொண்டாந்திருக்கிற லட்சணத்தப் பாருங்க. வேரு, குச்சி, பூவு, மண்ணு... இத நிறுக்கப் போட்டா எங்க கணக்கப்புள்ள பாதிய வெட்டிருவாரு!" என்றாள் ஒருத்தி.

"டீச்சரம்மா என்னைக்குக் கொழுந்து எடுத்தாங்க, தெரியிறதுக்கு?" என்றாள் இன்னொருத்தி. ஒரே சிரிப்பு.

"நாங்களே பொறுக்கிச் சுத்தம் பண்ணிட்டோங்க."

அவர்கள் இடுப்பில் கட்டும் நனைந்த படங்குச் சாக்கின் மேல் இளந்தளிர்கள் மட்டும் அழகாகக் குவிந்திருந்தன. நிறுவைக்கு முன்னால் முற்றின இலை, குச்சி, பூ எல்லாவற்றையும் கழித்துவிடுவது கொழுந்து எடுக்கிற கைக்குப் பிறவிப் பழக்கம். கழித்ததை வராந்தா ஓரத்துக் கானில் தள்ளியிருந்தார்கள். கான் நிறைய மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் வெளியே வந்து பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது.

"நல்லா இருக்கா டீச்சர்? திருப்பி அனுப்ப மாட்டாங்களே?"

"நல்லா இருக்குங்கக்கா" என்றாள்.

நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன்தான். அந்தக் கைகளை என்ன சொல்லித் திட்டுவது?

ரோட்டு வேலை எடுத்தவர் என்னிடம்தான் சிமெண்ட் வாங்குகிறார். போன் போட்டு விசயத்தைச் சொன்னேன்.

"கொஞ்ச நாள் பொறுங்களேன்."

"பொறுத்தா திரும்பப் பூக்குமா மொதலாளி?"

மகளைப் பார்த்தேன். "தெரியாதுப்பா. எப்ப பூக்கும்னு யாருமே பாத்து வைக்கலியே" என்றாள்.

அவரை மேற்கொண்டு கேட்கவும் மனம் வரவில்லை. போன மழையில் வண்டி வர முடியாமல், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைக் கதிரையில் உட்காரவைத்து அந்த வழியாகத்தான் தூக்கி வந்தார்கள். ரோட்டுக்காக அந்தப் பெண்கள் கும்பிடாத சாமி இல்லை.

பூக்காமல் நின்ற சில செடிகளை மண்ணோடு பெயர்த்து, பெயின்ட் வாளிகளில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை கரையை வெட்டினார்கள்.

நான் நட்டு எதுவும் பட்டுப்போனதில்லை. ஆனால் இவை தினமும் ஓர் இலையாக உதிர்க்கின்றன. தண்ணீர் ஊற்றினாலும் வாடுகின்றன, ஊற்றாவிட்டாலும் வாடுகின்றன. மகள் வரும்போதெல்லாம் குனிந்து, தண்டை நகத்தால் மெல்லக் கீறிப் பார்க்கிறாள்.

"பச்சை இருக்காம்மா?"

"இருக்குப்பா" என்கிறாள். எந்த வாளியில் என்று நான் கேட்பதில்லை.