ஒரே புதரில் இரண்டு பெயர்

உலர்தாவரக் காப்பகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தெரியும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பூப்புதர்களை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, இது வேறு அது வேறு என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. ஓய்வு பெறும்வரை பக்கத்து மேசையில் இருந்த அவள் கணவருக்கும் அதே பிழைப்புதான். வீட்டுக்கு யாராவது பூங்கொத்து வாங்கி வந்தால்கூட இரண்டு பேருமாக அதைப் பிய்த்துப் போட்டுவிடுவார்கள்.

ஒரே மகள். பள்ளிக்கூடம் போகிற வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த வருடம் அவள் கணவர் மலையிலிருந்து ஒரு வெள்ளைப் பூப்புதரின் கிளையைக் கொண்டுவந்தார். இலையின் அடிப்பக்கம் பஞ்சுபோல ரோமம். அதன் நெருங்கிய சொந்தக்காரப் புதருக்கு இலை வழவழவென்று மொட்டை. இது புது இனம் என்று எழுதி, மகள் பெயரையே வைத்தார். அதற்குப் பிறகுதான் மனுஷர் ஒழுங்காகச் சாப்பிட்டார். பெண்டாட்டிக்கு அது மறக்குமா?

இப்போது அந்தப் பூப்புதர்க் கூட்டம் முழுவதையும் மறுபடி அலசும் வேலை அவள் தலையில் விழுந்தது. மலைக்குப் போனாள். பாறையோரம் ஒரு புதர். வெயில் பக்கத்து இலைகளில் ரோமம். பாறை நிழலுக்குள் போன கிளையில் மொட்டை. தோண்டிப் பார்த்தாள், ஒரே வேர். கடுகளவு வித்தியாசமாவது கிடைக்காதா என்று அக்கம்பக்கத்துப் புதர்களின் பூவைப் பிரித்தாள், விதையைப் பிளந்தாள். எல்லாவற்றிலும் இதே கதை. அப்படியானால் இரண்டும் ஒரே இனம், மகள் பெயர் நிற்காது.

பேசாமல் விட்டுவிட்டால் யார் குடி முழுகப் போகிறது? ஆனால் ஊரார் தப்பையெல்லாம் தயவுதாட்சண்யம் இல்லாமல் திருத்தியவள் ஆயிற்றே. சில நாள் மென்று முழுங்கிவிட்டு, ஒரு மாலை அந்தக் கிளைகளைச் சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் வைத்தாள்.

அவர் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தாள், வந்திருந்தால் தேவலை. நிழலா என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு வெயிலிலேயே நின்றுவிட்டேன், பாறைக்குப் பின்னால் போகவே இல்லை என்றார்.

"மொட்டை இலைக்கு முன்னாடியே வச்ச பழைய பேருதான் நிக்கும். பாப்பா பேரு இனி அதுக்குக் கீழே ஒரு வரி, அவ்வளவுதான்," என்றார்.

அவள் கிளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே. "இதே கூட்டத்துல இன்னொரு புதுச் செடி கிடைக்காமலா போகும்? அதுக்கு அவ பேரை வச்சிடலாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒருமுறை வைத்த பெயர் செல்லாமல் போனாலும், அதே கூட்டத்தில் வேறு செடிக்கு அதை வைக்கக்கூடாது. அவர்கள் தொழிலின் சட்டம் அது. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவளே சொல்லிக்கொடுப்பது.

அவர் சட்டத்தைப் பேசவில்லை.

"இன்னொரு குழந்தை பெத்துக்கங்கன்னு அப்ப எல்லாரும் சொன்னாங்களே. நீ என்ன சொன்ன?"

"அவ இடத்துல வேற யாரும் வேண்டாம்னு சொன்னேன்."

"இப்பவும் யாரும் வர முடியாதும்மா," என்றார். "நீயே எழுதிடு. வேற யாராவது எழுதி, அதை நான் படிக்கணுமா?"

பழைய பெயருக்குக் கீழே, மகள் பெயருக்கான அந்த ஒரு வரியை அவளே எழுதினாள்.