புண்ணாக்கு மூட்டைக்குக் கிடைத்த நாற்காலி

எண்பதுகளில் எங்கள் பாளையம்பட்டியில் இடுப்பு ஒடிந்தால் ஆள் முடிந்தான் என்று அர்த்தம். எதிர்வீட்டுப் பெரியவரை, காலில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் மல்லாக்கப் போட்டு வைத்தார்கள். முதுகு புண்ணாகியே செத்தார். தொண்ணூறுகளில் என் மாமனார் தன் மளிகைக் கடையில் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டபோது காலம் மாறியிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில், உடைந்த பந்து எலும்பை எடுத்துவிட்டு இரும்பில் ஒன்றை வைத்து, மறுநாளே நிற்க வைத்துவிட்டார்கள்.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பருப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் எக்ஸ்ரே படத்தை டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்துக் காட்டுவார்.

என் மாமியாருக்கும் பல வருடமாக இடுப்பு வலிதான். சுவரைப் பிடிக்காமல் எழ முடியாது. மூட்டு தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடலாம் என்று மாமனாருக்கு ஆபரேஷன் செய்த அதே டாக்டர் சொன்னார். மாமனார் சிரித்தார்.

"இவளுக்கு எதுக்கு? வேப்பெண்ணெயத் தேச்சாப் போதும்."



குத்தவைத்து உட்காரவே கூடாது, மூட்டு கழன்றுவிடும் என்று மாமனாரிடம் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தெருவே வெளிக்கிருக்கக் கருவேலங்காட்டுக்குப் போகும் ஊரில் வேறென்ன செய்ய? என் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியில் ஓட்டை போட்டு, கீழே வாளி வைத்து, கொல்லையில் தட்டி மறைத்துக் கொடுத்தார்.

"நான் என்ன பச்சப்புள்ளையா, வாளியில இருக்கதுக்கு?" மாமனார் கம்பை எடுத்துக்கொண்டு காட்டுக்கே போனார்.

"நீங்கதான் உக்காரலையே, நானாச்சும் உக்காந்துக்கிறேனே" என்றார் மாமியார்.

"மூதேவி, ஒனக்கு நாற்காலி கேக்குதோ?" அன்றைக்கே அதன்மேல் ஒரு புண்ணாக்கு மூட்டையைத் தூக்கிவைக்கச் சொன்னார். வைக்கோல்போர் நாய் தோற்றது போங்கள். மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு காட்டுக்கு நடந்தார். உட்காரும்போதும் எழும்போதும் அவர் முனகியது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரு நாள் விடியற்காலை மாமனாரின் அலறல் கண்மாய்வரைக்கும் கேட்டது. மூட்டு கழன்றிருந்தது. கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்து, மதுரைக்குக் கொண்டுபோனோம்; மூட்டைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். அடங்கினாரா? மறுபடியும் காடு, மறுபடியும் குத்தவைப்பு. இந்தமுறை இரும்பைச் சுற்றியிருந்த எலும்பே பிளந்துவிட்டது. இனிக் கத்தி வைக்க முடியாது, கட்டில்தான் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவரைக் கொண்டுவந்து கிடத்தியதும் மாமியார் நேரே கொல்லைக்குப் போனார். மூட்டையைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முனகவில்லை.

"ஏய்! பேசனக் கொண்டா! அவசரம்!" உள்ளேயிருந்து கத்தினார் மாமனார்.

"வாரேன், இருங்க. இப்பத்தான் உக்காந்திருக்கேன்."

கொல்லையில் கழுவிக் கவிழ்த்திருந்த பேசனை எடுத்துக்கொண்டு நான் உள்ளே கிளம்பினேன்.

"நீ எங்க போற?" என்றார் மாமியார். "நில்லு."

நின்றேன்.