மூடி வைத்த தேநீர்

பகல் சாப்பாடு முடிந்து, தேநீர்க் கோப்பையைச் சாசரால் மூடி வைத்திருந்தேன். அப்போதுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தார்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவமாது சுலைஹா காலமாகிவிட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர்; அக்கா முறையில் என்னை 'ராத்தா' என்பார்.

கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை, குடையும் துணிப்பையுமாக அவர் ஏறி இறங்கிய வீடுகளில் இருப்பவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாப்பிட்டதும் கொடுக்கும் தேநீரை அவர் தொடமாட்டார் என்பதும் உங்களுக்குத் தெரியும். பெருமைக்காரி என்றார்கள். உரத்துச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம், என் மகள் ஜெஸீமா பிள்ளை வயிற்றோடு இருந்தாள். பார்க்க வந்த சுலைஹாவைச் சாப்பிட வைத்தேன். முருங்கை இலைச் சுண்டலை விரும்பிச் சாப்பிட்டார். தேநீரை மட்டும் தள்ளி வைத்தார்.

"சோறு திண்டொடன தேத்தண்ணி குடிக்கிறல்ல, ராத்தா. இலையில இருக்கிற இரும்ப தேயிலைத் துவர் உடம்புல சேர உடாது. ஒரு மணித்தியாலம் போகட்டும்."

"அப்ப முருங்கை இலைக்குள்ள ஆணியும் கிடக்கா?" என்றேன்.

"கிடந்தா நல்லம் ராத்தா. இவட கண்ணப் பாருங்க."

ஜெஸீமாவின் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார். உட்புறம் இரத்தமில்லாமல் வெளுத்திருந்தது. இலையோடு தேசிக்காய்ப்புளி பிழிந்து சேர்க்கச் சொன்னார். இரும்புக் குளிசையைத் தண்ணீரோடு விழுங்கச் சொன்னார்.

கொன்வென்டில் சிஸ்டர்மாரிடம் ஆங்கிலத்தில் சுகாதாரம் படித்தவள் நான். என் வீட்டுத் தேநீரைத் திருப்பியவரிடம் பாடம் கேட்க மனம் வரவில்லை. குளிசை குமட்டுகிறது என்று ஜெஸீமா அதைத் தேநீரோடு விழுங்கினாள். அந்தத் தேநீரை ஊற்றிக் கொடுத்தது நான்தான்.

ஆஸ்பத்திரியில் பிரசவத்தின்போது இரத்தம் நிற்கவில்லை. பிள்ளை தங்கியது. மகள் தங்கவில்லை.

மூன்றாம் நாள் சுலைஹா வந்தார். என் தேநீரா அவளைக் கொன்றது என்று கேட்டேன்.

"தேத்தண்ணி மட்டும் இல்ல, ராத்தா. ரெத்தம் கூடப் போயிட்டு. முன்னமே ரெத்தம் குறைஞ்ச உடம்பு, தாங்கல்ல."

ஆறுதலுக்காக அவர் பொய் சொல்லவில்லை. 'மட்டும்' என்ற அந்தச் சொல்லோடுதான் இத்தனை வருடம் இருக்கிறேன்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு, பழக்கத்தில் அவர் முன்னால் தேநீரை வைத்துவிட்டேன். வைத்த பின்தான் உணர்ந்து, திரும்ப எடுக்கக் கை நீட்டினேன். அவர் அதைத் தள்ளவில்லை. சாசரால் மூடினார். ஒரு மணித்தியாலம் என் பக்கத்தில் இருந்தார். பிறகு ஆறிப்போன அந்தத் தேநீரை அடிவரை குடித்துவிட்டு எழுந்து போனார்.

இன்று அஸர் தொழுகைக்குப் பின் அவரை அடக்கினார்கள். ஜெஸீமாவின் மகளுக்கு எட்டு வயது, என்னோடுதான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் தலை வாரும்போது அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்க்கிறேன். சுலைஹாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதில் அதுவும் ஒன்று. உட்புறம் நன்றாகச் சிவந்திருக்கிறது. இப்படிப் பார்ப்பதை அவரிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை.