அகராதியில் ஏறிய வீட்டுக்காரர்

அந்த அம்மாள் அகராதி பிடித்தவள். திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், அவள் உத்தியோகமே அதுதான். பதிப்பகத்தின் மாடியறையில் உட்கார்ந்து ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருளும் எடுத்துக்காட்டும் எழுதுவாள்.

அவள் வீட்டுக்காரர் பல் டாக்டர். கை அத்தனை பதமானது. பல்லைப் பிடுங்கி முடித்த பிறகும் வாயைத் திறந்தபடி, "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. அதே கை வீட்டில் திருப்புளியைத் தொட்டால் போச்சு. ஒரு தடவை அழைப்பு மணியைப் பழுது பார்த்தார். அன்றிலிருந்து வாசலில் யார் மணியை அழுத்தினாலும் சமையலறை விளக்கு அணையும். இருட்டினால் விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம். சேர்ந்தாற்போல நாலு பேர் வந்த அன்று அடுத்த தெருவே இருண்டுபோனதாகச் சொல்வார்கள். அதில் பாதியையாவது நம்பலாம்.

இப்படியிருக்கையில் 'பங்கிள்' என்ற ஆங்கிலச் சொல் அவள் மேசைக்கு வந்தது. ஒரு காரியத்தில் இறங்கி, தட்டுத் தடுமாறி, அதைக் கெடுத்து வைப்பது. நம் வாயில் சொதப்புவது. பூட்டை உடைக்கப் போய் அலாரத்தை அடித்துவிட்ட திருடனுக்கும் பொருந்தும், பேச்சுவார்த்தையைக் கெடுத்த அதிகாரிக்கும் பொருந்தும். 'அவன் வேலையைச் சொதப்பினான்' என்று எடுத்துக்காட்டு எழுதிக் கொடுத்தாள்.

தலைமை ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "உப்புச்சப்பே இல்லையேம்மா. படிச்சா ஆள் கண்ணு முன்னால வரணும்."

ஆளுக்கா பஞ்சம்? 'மணியைப் பழுது பார்க்கப் போய் விளக்கைச் சொதப்பிவிட்டார்' என்று எழுதினாள். தலைமை ஆசிரியர் வயிறு குலுங்கச் சிரித்துக் கையெழுத்துப் போட்டார்.

அச்சுக்குப் போகுமுன் பக்கத்தின் நகல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டாக்டர் எடுத்துப் படித்தார். எடுத்துக்காட்டைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தார். அதற்கு மேல் அவள் எழுதியிருந்த பொருளில் சிரிப்பு நின்றது. 'அக்கறையின்றிச் செய்து கெடுத்தல்' என்று இருந்தது.

"வேலை தெரியாதுன்னு எழுது, ஒத்துக்கறேன். அக்கறை இல்லன்னு எப்படி எழுதுவ?"

"பொதுவா எழுதினதுங்க. உங்களச் சொல்லல."

"மணி என்னோடதுதானே?"

டாக்டர் கருவிப்பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தார். இதற்காகத்தான் அவள் கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற தெய்வத்தையெல்லாம் வேண்டியிருந்தாள். கிடைத்தபோது சோற்றைத் தட்டோடு ஒதுக்கி வைத்தாள். மனுஷன் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டிலேயே விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் பதிப்பகத்துக்கு ஓடினாள். பக்கத்தை அச்சகத்துக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்தார்கள்.

"சார், 'அக்கறையின்றி'ய எடுக்கணும். பொருள் தப்பு."

"எல்லாரும் பாத்துக் கையெழுத்துப் போட்ட பக்கம்மா."

"எல்லாரும் சேந்து தப்பு பண்ணிட்டோம். அக்கறை இல்லாதவன் மணியத் தொடவே மாட்டான் சார். ஆள் வச்சுப் பாத்துக்கன்னு சொல்லிட்டுப் படுத்துக்குவான். கை வராம கெடுக்கறதுதான் பங்கிள். கை வைக்காம விடறதுக்கு வேற சொல் இருக்கு."

"உங்க வீட்டுச் சண்டைய அகராதியில தீத்துக்கறீங்களா?"

"எடுத்துக்காட்டு எங்க வீட்டுலேருந்து வந்தப்ப இனிச்சுதே சார்."

தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் அவள் கட்டைப் பிரித்துவிட்டாள். 'கைத்திறன் போதாமல், தடுமாறிச் செய்து கெடுத்தல்' என்று திருத்தி நீட்டினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மாலையில் திருத்திய பக்கத்தின் நகலை டாக்டரின் மடியில் வைத்தாள். அவர் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"கைத்திறன் போதாமலா?"

"அதுல மாத்தம் கிடையாதுங்க."

"ம்."

எங்கேயோ பார்த்தபடி கேட்டார். "இந்த ஜன்னல் கொக்கி ஆடுதோ?"

அவள் எழுந்து போய்க் கொக்கியைப் பிடித்துப் பார்த்தாள். பாறைபோல இருந்தது.

"லேசா ஆடுது," என்றாள்.

டாக்டர் பரணுக்கு ஏற ஸ்டூலைத் தேடினார். அவள் ஜன்னலோரம் இருந்த பூச்சாடியைச் சத்தமில்லாமல் எடுத்து அடுத்த அறையில் வைத்தாள்.