முகத்துவாரத்தில் எனக்கு மட்டும் காட்டிய கல்

பிலோமினா டீச்சர் இறந்த செய்தி எனக்கு மீன்கூடையோடு வந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் மீன் விற்கும் பட்டினப்பாக்கத்து அந்தோணியம்மாள் கூடையை இறக்காமலே வாசலில் நின்றாள்.

"டீச்சரம்மா, உங்களுக்கு சேதி வர்லியா? நம்ம பிலோமினா டீச்சர் பூட்டாங்க. நேத்து சாயங்காலம். நான்தான் கைய புடிச்சிக்கினு இருந்தேன்."

அழுவதற்கு முன்பே எனக்கு வயிறு எரிந்தது. அதென்ன, 'நம்ம' டீச்சர்? மயிலாப்பூரில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே மேஜையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்தியவள் நான். கடைசி நேரத்தில் கையைப் பிடிக்கும் பாக்கியம் மீன்காரிக்குப் போய்விட்டது. அவரை அறிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, இந்தக் கோமளம் இன்னும் மாறவில்லை என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷத்தில்தான் எங்கள் நடை ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. "ஊர்ல ஆளே இல்ல கோமளா. நாம பாக்கறதுக்குன்னே காலி பண்ணிக் குடுத்திருக்காங்க, வா" என்று டீச்சர் கூப்பிட்டார். சாந்தோமில் காலைப் பூசை கண்டுவிட்டு அவர் வருவார். கடலோரமாகவே தெற்கே நடந்தால் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம். அங்கே சவுக்குத் தோப்பும் தாழம்புதரும், நண்டு பிடிக்கிறவர்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதைகளும்தான். புதர்களுக்குள் அங்கங்கே உடைந்த தூண், செங்கல் சுவர், பாதி மண்ணில் புதைந்த கருங்கல். கட்டியவர் யாரென்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

கல் கண்ணில் பட்டதுமே டீச்சர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். என்னையும் கழற்றச் சொல்வார். "நீங்கள் வேதக் கோயிலுக்குப் போகிறவர். இது பழைய கோயிலாயிருந்தால் உங்களுக்கென்ன?" என்று ஒரு முறை கேட்டேன். "யார் வீடோ, நமக்கென்ன தெரியும்? அடுத்தவங்க வீட்டுக்குள்ள செருப்போட போவியா?" என்றார். நெருஞ்சிமுள் முழுவதும் என் காலில் ஏறும். அவர் காலில் ஒன்றுகூடத் தைக்காது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினால் கிளிஞ்சல் கிடைக்கும். அவர் சும்மா கால் நீட்டி உட்கார்ந்தால் பக்கத்திலேயே பூவேலை செய்த கல் இருக்கும். கேட்டால், "கல்லுகிட்ட கொஞ்ச நேரம் உக்காரணும். வந்தோம் போனோம்னு இருந்தா அது மூஞ்சியக் காட்டாது" என்பார். உட்கார்ந்தும் பார்த்தேன். எறும்புதான் கடித்தது.

ஒரு நாள் கொடிகளை விலக்கி ஒரு தூணைக் காட்டினார். ஒற்றைக் காலில் நின்று, பாதத்தில் தைத்த முள்ளை எடுக்கும் பெண். உப்புக்காற்றில் முகம் தேய்ந்திருந்தது. விரல்கள் மட்டும் அப்படியே இருந்தன. "பாரு, உன்ன மாதிரியே நடந்து வந்திருக்கா. இத உனக்கு மட்டும்தான் காட்டறேன் கோமளா. எடத்த யார்கிட்டயும் சொல்லாத" என்றார். அவருக்கு வேறு எத்தனை பேச்சுத் துணை இருந்தாலும், இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ராணி மாதிரி இருந்தேன்.

அந்த ராணிப் பட்டம் முப்பதாம் நாள் பூசையன்று பறிபோனது. பூசை முடிந்து அவர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அவருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் கரீம் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முகத்துவாரத்துல ஒரு எடம் காட்டினாங்கம்மா. எனக்கு மட்டும்தான், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னாங்க" என்றார். அந்தோணியம்மாள் விடுவாளா? "இன்னா பாய் சொல்ற? எனக்கு மட்டும்தான்னு என்னாண்டல்ல சொன்னாங்க!"

எனக்குக் காப்பி கசந்தது. ஒரே தூணை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு, ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தையைச் சொன்னாரா? போனவரிடம் சண்டை போடவும் முடியாது. "எங்கே, காட்டுங்கள் பார்ப்போம்" என்று நானே எழுந்தேன். மூவரும் அந்த வெயிலில் நடந்தோம்.

பாய் எங்களைத் தோப்பின் வடகோடிக்குக் கூட்டிப்போனார். அங்கே செங்கல் வளைவுக்கு அடியில் ஒரு கிணறு. கடல் கூப்பிடு தூரம், தண்ணீரோ கற்கண்டு. அந்தோணியம்மாள் அழைத்துப்போனது ஒரு மணல்மேட்டுக்கு. சிலுவை செதுக்கிய கல்லறைக்கல் ஒன்று ராவணன் மீசைப் புல்லுக்குள் கிடந்தது. "பேர் அழிஞ்சி பூடுச்சி. நீதான் இத்த பாத்துக்கணும்னாங்க" என்று முந்தானையால் அதைத் துடைத்தாள்.

என் தூண் இருக்கும் திசைக்கே இருவரும் போகவில்லை. டீச்சர் யாரிடமும் பொய் சொல்லவில்லை. எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஆனால் அரை நாழிகை கழிவதற்குள், இத்தனை வருஷம் வெயிலில் கூட நடந்த என்னை அந்தக் கிணற்றில் ஒரு வாய் குடிக்கவைக்கத் தோன்றவில்லையே என்று மறுபடி எரிந்தது.

"உங்க கல்லு எங்க டீச்சரம்மா?" என்று அந்தோணியம்மாள் கேட்டாள்.

"எனக்கு ஒன்றும் காட்டவில்லை" என்றேன். இருவரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையையும் வாங்கிக்கொண்டேன்.

டீச்சருடைய ஜெபமாலை அவர் தங்கையிடம் போயிற்று. என்னிடம் இருப்பது அந்தத் தூணுக்குப் போகும் வழி மட்டும்தான். பாயின் கிணற்றையும் அந்தோணியம்மாளின் சிலுவையையும் இனி யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். என்னுடையதைக் கேட்காதீர்கள். இடத்தைச் சொல்லாதே என்ற அவர் வார்த்தையை மூவரில் காப்பாற்றியவள் நான் ஒருத்திதான். ஜெயித்துவிட்டேன். அதைப் போய்ப் பெருமையாகச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.