உடைந்த பட்டையில் கொற்கைக்கு வாத்து லோடு

நான் நாலாங்கிளாஸ் வரைதான் படித்தவன். ஆனால் வண்டிக்கு அடியில் என்ன உடைந்தது என்று சீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். அன்றைக்குக் கயத்தாறு தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பின்னால் இடப்பக்கம் ஒரே ஒரு சத்தம். வேறு டிரைவராக இருந்தால் கல் தெறித்தது என்று ஓட்டிக்கொண்டே போயிருப்பான். நான் பிரேக்கில் கால் வைத்தேன். மெயின் பட்டை போய்விட்டது.

இப்போது வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பட்டை என்பது பின் அச்சுக்கு மேல் வில்லாக வளைந்து அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் இரும்புத் தகடு. மொத்த எடையையும் தாங்குவது அதுதான். மெயின் பட்டை உடைந்தால் அந்தப் பக்கம் வண்டி அமுங்கிவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் டயர் பாடியில் உரசும்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் தச்சநல்லூரில் ஓர் அண்ணாச்சியிடம் பிக்-அப் ஓட்டிக்கொண்டிருந்தேன். பட்டையில் விரிசல் இருக்கிறது என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தேன். “அடுத்த லோடு முடியட்டும்லே, பாப்பம்” என்று அவர் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். அந்த அடுத்த லோடு வாத்தாக வந்து சேர்ந்தது.

வாத்துக்காரன் பெயர் மாடசாமி. அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடக்கிற நெல்லுக்கும் நத்தைக்கும் வாத்தை மேயவிட்டு, முட்டையை விற்றுப் பிழைப்பவன். சோழவந்தான் பக்கம் மேய்ச்சல் முடிந்து கொற்கைக்குக் கொண்டுபோகிறான். முன்னூறுக்கு மேல் இருக்கும். அவனுக்கு நிலமோ வீடோ கிடையாது. இருந்ததெல்லாம் என் வண்டியில்தான் நின்றது.

வண்டி நின்றதும் பின்னால் இருந்து குதித்து வந்தான்.

“என்னவே நிறுத்திட்டீரு? வண்டி நின்னா காத்து நிக்கும். காத்து நின்னா இதுக வாயப் பொளந்துரும்.”

“பட்டை போயிட்டுவே.”

“உம்ம பட்டை கிடக்கட்டும். எனக்கு வாத்து போயிரக்கூடாது.”

அவன் சொன்னது சரிதான். மாசி வெயில். சுற்றிலும் கரிசல் காடு, குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. அங்கே மெக்கானிக்குக்காகக் காத்திருந்தால் பாதி செத்துவிடும். மெல்ல ஊர்ந்து போனாலும் காற்று போதாது. விரட்டி ஓட்டினால் மிச்சப் பட்டையும் போய்விடும்.

சாலை ஓரத்தில் உடைமரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். நல்ல வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து எடுத்தேன். ஜாக்கி போட்டு, சேஸ் என்கிற அடிச்சட்டத்தைத் தூக்கி, சேஸுக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டையைச் செருகி, பழைய டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். இந்தக் கட்டு யார் வேண்டுமானாலும் கட்டலாம். அந்தக் கட்டோடு நெடுந்தூரம் ஓட்ட எல்லோராலும் முடியாது. என் காலத்தில் அப்படி ஓட்டத் தெரிந்தவர்கள் ஜில்லாவில் இரண்டு பேர். இன்னொருவர் இப்போது இல்லை.

வாத்து எங்கே நிற்கிறது

கட்டை வைத்த பக்கம் எடை கூடக் கூடாது. கூடினால் கட்டை நசுங்கும், இல்லாவிட்டால் சேஸ் வெடிக்கும். சிமெண்ட் மூட்டையாக இருந்தால் வலப்பக்கம் நகர்த்தி அடுக்கிவிடலாம். வாத்தை எப்படி அடுக்குவது? பயந்துகொண்டேதான் எடுத்தேன். ஆனால் கங்கைகொண்டான் வரைக்கும் வண்டி சொன்னபடி கேட்டது. எனக்கே ஆச்சரியம். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். வாத்து முழுக்க வலப்பக்கம் ஒண்டிக்கொண்டு நின்றது. தெற்கே போகிறோம், காலை வெயில் இடப்பக்கம் அடித்து அந்தப் பக்கத் தகடு கொதிக்கிறது, அதனால் சூடு இல்லாத வலப்பக்கம் போய் நின்றுவிட்டன.

தச்சநல்லூர் வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வாத்து இரண்டு பக்கமும் பரவியது. கட்டை முனக ஆரம்பித்தது. அண்ணாச்சி கடை வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஏலே, என்னலே வண்டி நொண்டுது?”

“பட்டை போயிட்டு அண்ணாச்சி.”

“எங்கன?”

“கயத்தாறுல.”

“அங்கனயே நிறுத்தணும்லா. சேஸ் வெடிச்சா உங்கப்பனா தருவாரு? சாவியக் குடு.”

மாடசாமி உள்ளே புகுந்தான். “அண்ணாச்சி, வேற வண்டி குடுங்க, மாத்திக்கிடுதேன்.”

“இன்னொண்ணு தென்காசி போயிருக்கு. பேசாம ஆத்துல இறக்கி விடும்வே. நாளைக்கு ஏத்திக்கிடலாம்.”

“ஓடுத தண்ணியில இறக்குனா அதுகளே ஏரலுக்குப் போயிரும் அண்ணாச்சி. போற வழியில ஊருக்கு ஊரு குழம்பு கொதிக்கும். நான் கரையில நின்னு மோந்து பாக்கணும்.”

அண்ணாச்சி சிரிக்கவில்லை. கையை நீட்டியபடியே நின்றார். வண்டி நிற்க நிற்கப் பின்னால் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. வாத்து கத்தினால் கவலை இல்லை, அடங்கினால்தான் ஆபத்து என்று மாடசாமி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கடைக் குழாயில் வாளி வாளியாகப் பிடித்து மேலே ஊற்றினோம். பிறகு சொன்னேன்.

“சாவிய கொற்கையில தாறேன் அண்ணாச்சி. நம்பிக்கை இல்லன்னா நீங்களும் ஏறுங்க.”

முதலாளியிடம் அப்படிப் பேச அந்தத் தெருவில் ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்கு இடப்பக்கம் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

முதலாளி படுதா பிடித்தது

பாளையங்கோட்டை தாண்டிக் கிழக்கே திரும்பியதும் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. கட்டை நெறுநெறுவென்றது. நிறுத்தினேன். இப்போது வெயில் வலப்பக்கத்திலிருந்து வந்து அந்தப் பக்கத் தகட்டைக் காய்ச்சுகிறது. வாத்து அத்தனையும் இடப்பக்கம் வந்து ஒடிந்த பட்டையின் தலைமேல் நின்றது. போதாததற்கு அண்ணாச்சியும் அதே பக்கம். அவர் லேசான ஆள் இல்லை.

மாடசாமி கம்பை வைத்து விரட்டிப் பார்த்தான். போன வாத்து போன வேகத்தில் திரும்பி வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாத்தை விரட்டி நகர்த்த முடியாது, நிழலைக் காட்டி நகர்த்தலாம். சீட்டுக்கு அடியில் கிடந்த படுதாவை எடுத்தேன். முழுக்க மூடினால் புழுங்கிச் செத்துவிடும். வலப்பாதிக்கு மட்டும் கூரை மாதிரி பிடித்தால் போதும். கட்டிவிட்டால் காற்றில் படபடவென்று அடித்து வாத்து மிரளும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். ஆள் நின்று விறைப்பாகப் பிடிக்க வேண்டும்.

“அண்ணாச்சி, நீங்க பின்னால ஏறணும்.”

“எதுக்குலே?”

“படுதாவுக்கு ஒரு முனை மாடசாமி, ஒரு முனை நீங்க.”

“முதலாளியவா படுதா பிடிக்கச் சொல்லுத?”

“வலப்பக்கம் எடையும் வேணும்லா அண்ணாச்சி.”

திட்டிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். வாத்துக்கு நடுவில் போய் நின்றார். படுதா நிழல் விழுந்ததும் ஒவ்வொன்றாக வலப்பக்கம் வந்து சேர்ந்தது. வண்டி நிமிர்ந்தது.

அதற்கப்புறம் எனக்குப் பின்னால் இரண்டு குரல். பள்ளம் வந்தால் அண்ணாச்சி, “பைய ஓட்டுலே, சேஸ் போயிரும்” என்பார். மெதுவாகப் போனால் மாடசாமி, “வெரசா ஓட்டும்வே, மூச்சு வாங்குது” என்பான். நான் இரண்டையும் காதில் வாங்கவில்லை. கட்டை முனகுவதை மட்டும் கேட்டு ஓட்டினேன். ஸ்ரீவைகுண்டம் டீக்கடையைத் தாண்டும்போது அண்ணாச்சிக்குத் தெரிந்தவர் ஒருவர், “அண்ணாச்சி, வாத்து யாவாரம் எப்பம் ஆரம்பிச்சிய?” என்றார். அண்ணாச்சி படுதாவுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கொற்கை போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. குளத்தங்கரையில் நிறுத்தி மாடசாமி பின்கதவைத் திறந்தான். ஒன்றுகூட இறங்கவில்லை. வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தன. அவன் முன்னால் இருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டான். அது தலையை முக்கி உதறிக்கொண்டு ஒரு குரல் கொடுத்தது. அதன்பிறகு மற்றவை விழுந்தடித்து இறங்கின. கடைசியில் வண்டித் தரையில் சில அசையாமல் கிடந்தன. மாடசாமி அவற்றைத் தனியே எடுத்து வைத்தான். எத்தனை என்று நான் கேட்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். “வேற எவனாலயும் இப்படிக் கொண்டாந்து சேத்திருக்க முடியாதுவே” என்றேன்.

“முடியாதுதான்வே. அடுத்த வருசம் நான் நடத்தியே கூட்டிட்டு வந்துருதேன்.”

அண்ணாச்சி குனிந்து கட்டையைப் பார்த்தார். பாதி நசுங்கி நார் நாராகப் பிய்ந்திருந்தது. மறுநாள் அவரே பட்டறையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் புதுப் பட்டை போட வைத்தார்.

மாடசாமி அடுத்த வருஷம் நடத்திக்கொண்டு போகவில்லை, என்னிடம்தான் வந்தான். அதற்குள் நான் சொந்த வண்டி வாங்கியிருந்தேன். வந்தவன் எனக்கு வணக்கம் சொல்வதற்கு முன் தரையில் கையூன்றி வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான். இரண்டு பக்கப் பட்டையையும் தடவிப் பார்த்த பிறகுதான் வாத்தை ஏற்றினான். அப்போது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

இன்றைக்கு என்னிடம் ஏழு வண்டி ஓடுகிறது. என் டிரைவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சரக்குக்காரன் குனிந்து பட்டையைப் பார்த்தால், என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்காதே. டார்ச் எடுத்துக் காட்டு. உன் திறமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சாகிறது அவனுடைய வாத்துதான்.